மிஷின் மேல் தப்பில்லை

அக்காவின் கணவரை எங்கள் பக்கம் மச்சான் என்று கூப்பிடுவோம். இந்த ஆளுக்கும் அந்தப் பெயரே போதும். ‘அவர்’, ‘சொன்னார்’ என்று நான் மரியாதை வைத்து எழுதுவது அக்காவுக்காக. அவர் சம்பாதித்த மரியாதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மச்சான் போடியில் டீ மிஷின் செய்துகொண்டிருந்தார். செய்கிறவர் என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். விசிட்டிங் கார்டில் ‘கண்டுபிடிப்பாளர்’ என்று போட்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து தகரப் பெட்டி, மோட்டார், ரப்பர் குழாய் எல்லாம் பார்சலில் வரும். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவார். மேலே தன் பெயரின் இரண்டெழுத்தை ஒட்டுவார். கண்டுபிடித்தாயிற்று.

இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. காபியும் கிடையாது. வெந்நீர் மட்டும்தான். இதைக் கேட்டால், “நீச்சல் தெரியாதவன் கெணறு வெட்டக் கூடாதா மாப்ளே?” என்பார். வெட்டலாம். தாராளமாக வெட்டலாம். ஆனால் முங்கி எழுந்து வந்தவனிடம் போய், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று இவர் பாடம் எடுப்பார். அதுதான் இவரிடம் எனக்குப் பிடிக்காதது.

“நாக்க நம்பாத மாப்ளே. மீட்டர நம்பு.” இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொன்னார். அக்கா தட்டில் காபி கொண்டுவந்தாள். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இவர் தம்ளரை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை உருவிக் காபிக்குள் விட்டார். எங்கள் அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “எழுபத்திரண்டு. சரியான சூடு,” என்று மச்சான் அறிவித்துவிட்டுத் தம்ளரைத் தன் அம்மா பக்கம் நகர்த்தினார். காபித் தம்ளரைப் பார்த்த அளவுக்கு அவர் அக்காவைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. சிலமலையில் வயலோடு வயலாகக் கிடந்த மனிதர் அவர். படித்த மாப்பிள்ளை என்றால் சட்டைப் பையில் ஒரு கருவி இருக்கும் என்று நம்பினார். “வெவரமான ஆளுடா,” என்று என் தோளைத் தட்டினார். அக்கா அடுப்படியில் வைத்து என்னிடம் கேட்டாள்: “ஆறிப் போயிருந்துச்சுன்னா என்னடா பண்ணிருப்பாரு? எந்திரிச்சுப் போயிருப்பாரோ?” இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தக் காபி அன்றைக்குக் கொஞ்சம் ஆறிப்போயிருக்கக் கூடாதா?

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர் முதல் மிஷினை வைத்தபோது மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். போனைக் காட்டிப் பணம் போட்டால் டீ வரும். கூடவே குரலும் வரும்: “வணக்கம். தங்கள் தேநீர் தயாராகிக்கொண்டிருக்கிறது.” அது அவருடைய குரல்தான். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் மாதிரி திரும்பத் திரும்பப் பேசிப் பதிவு செய்தது. தேவாரம் பஸ்சுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் அந்தக் குரலுக்கு, “ஆகட்டும்ப்பா, பஸ்சு கெளம்பப் போகுது, வெரசா குடு,” என்று பதில் சொன்னதை நான் பார்த்தேன். குடிக்கிற நேரத்தைவிட வணக்கம் சொல்கிற நேரம் அதிகம்.

அந்த மிஷினில் சீனிக்கு மூன்று பொத்தான் உண்டு. குறைவு, மிதம், அதிகம். எனக்கு ஏதோ சந்தேகம் வந்து மூன்றையும் தனித்தனியாக அமுக்கி வாங்கிக் குடித்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே பாயசம். போய்க் கேட்டேன். அவர் மிஷினின் முதுகைத் திறந்து காட்டினார். மூன்று பொத்தானிலிருந்தும் கிளம்பிய மூன்று ஒயரும் ஒரே இடத்தில் போய் முடிந்திருந்தன.

“என்ன மச்சான் இது?”

“இதுதான் மாப்ளே கண்டுபிடிப்பு. மனுசனுக்குச் சீனி முக்கியமில்ல. நாம கேட்டதத்தான் குடுத்தாங்கன்னு ஒரு நெனப்பு வேணும். பொத்தான அமுக்குனான்ல? அந்த நெனப்பு வந்துரும்.”

“சுகர்காரன் குறைவுன்னு நம்பி அமுக்குனா?”

“சுகர் இருக்குறவன் எதுக்கு டீ குடிக்கிறான்?”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. திருடனுக்குக்கூடத் திருடும்போது கை கொஞ்சம் நடுங்கும். இவருக்கு நடுங்காது. தான் சரியென்று உள்ளும் புறமும் நம்புகிற மனிதனிடம் நாம் என்ன பேச முடியும்?

குரங்கணியில் ஒரு மிஷின் வைத்தார். மலையேற வருகிற கூட்டத்தை நம்பி வைத்தது. திறப்பு விழா அன்று எல்லாருக்கும் இலவசம் என்று, பணம் போடாமலே பொத்தானை அமுக்கினால் டீ வரும்படி வைத்திருந்தார். காலையிலேயே குரங்குகள் வந்துவிட்டன. ஒரு கிழட்டுக் குரங்கு மிஷின் முன்னால் உட்கார்ந்து மூன்று பொத்தானையும் ஒவ்வொன்றாக அமுக்கியது. ஒவ்வொரு முறையும் விரலை நனைத்து நக்கிப் பார்த்தது. பிறகு பேப்பர் கப் அடுக்கை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. என்னோடு சேர்த்து, வித்தியாசம் இல்லை என்று கண்டுபிடித்த இரண்டாவது ஜீவன் அது. மச்சான் கீழே நின்று, “அமுக்குற மொற தெரியாம அமுக்குது பாரு,” என்று குரங்கைத் திட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், குரங்கின் மீதுதான் தப்பு என்று வாதாடினார்.

அவருடைய டீயில் ஏலக்காய் கிடையாது. இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சும்மா தலையாட்டுவார்கள். போடிக்காரனுக்குத்தான் இதன் வலி தெரியும். மலையில் விளைகிற காயெல்லாம் வந்து இறங்குகிற ஊர் இது. மூட்டை பிரிக்கிற தெரு வழியாக ஒரு நடை போய் வந்தால் நம் சட்டை மறுநாள் வரைக்கும் மணக்கும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கிருந்தோ பாட்டிலில் வந்த ஏலக்காய் எசன்சை டீயில் சொட்டுச் சொட்டாக விட்டார். காயைத் தட்டிப் போட்டால் தோல் போய்க் குழாயை அடைக்கிறதாம். ஒரு ஏலக்காய் வியாபாரி கேட்டேவிட்டார்: “ஏம்ப்பா, திருப்பதியில மொட்டையடிக்க ஆளில்லாத மாதிரி, போடியில ஏலக்காய் கெடைக்கலையா ஒனக்கு?” மச்சான் அசரவில்லை. “நெச ஏலக்காய் தெனம் ஒரு மாதிரி மணக்கும்ண்ணே. எசன்ஸ் என்னைக்கும் ஒரே மாதிரி. எனக்கு ஒரே மாதிரி வேணும்.”

ஒரே மாதிரி. அதுதான் அவருக்கு வேண்டும். டீ மட்டும் இல்லை, மனிதர்களும்.

வீட்டில் அக்கா ஒரே மாதிரிதான் ஆகிவிட்டாள். கல்யாணமான புதிதில் அவள்தான் அவருக்கு ருசி பார்க்கிற ஆள். கொட்டகையிலிருந்து சத்தம் வரும்: “இந்தா, வா.” போவாள். நின்றுகொண்டே குடிப்பாள். “கொஞ்சம் கசக்குதுங்க,” என்பாள். அவர் மீட்டரைக் காட்டுவார். “இதுல கசப்பு எங்க இருக்கு? போன தடவ அளவுதான். ஒனக்கு வாய் சரியில்ல. காலைல என்ன தின்ன?” அவள் என்ன தின்றாள் என்பதைப் பற்றி அரை மணி நேரம் விசாரணை நடக்கும். இப்படிச் சில மாதம் போனது. பிறகு அக்கா எதைக் குடித்தாலும், “நல்லாருக்கு,” என்று சொல்லப் பழகிவிட்டாள். அவருக்கும் அது போதுமாக இருந்தது. பிள்ளை இல்லாத வீடு. அந்த இரண்டு பேருக்கு நடுவில் நடந்த பேச்சு அனேகமாக அவ்வளவுதான்: “எப்டி இருக்கு?” “நல்லாருக்கு.” அக்காவுக்கு நெஞ்செரிச்சல் வந்து மாத்திரை தின்ன ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

நான் பார்க்கப் போனால் என்னைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ப் புது மாடலைக் காட்டுவார். அக்கா வாசற்படியில் நின்று, “ஏன்டா, ஆத்தா எப்டி இருக்கா? மாடு ஈண்டுருச்சா?” என்று கேட்பாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், “மாப்ளே, இங்க பாரு,” என்று அவர் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டுவார். அக்காவுக்கு நான் சொல்ல நினைத்த எத்தனையோ பதில்கள் அந்தக் கொட்டகையில் அப்படியே நின்றுபோயின.

என் சோலி ஜீப்பு ஓட்டுவது. விடியக்காலையில் போடியிலும் சிலமலையிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் விடுவேன். காய் எடுக்கிற வேலை. சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குவேன். என் ஜீப்பில் வருகிறவர்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில்தான் மச்சான் தன் பெரிய கண்டுபிடிப்பைக் கொண்டுபோய் இறக்கினார். ஏற்றிப் போனதும் என் ஜீப்புதான். உறவுக்கார ஆள், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அந்தத் தோட்டத்தில் அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் விறகு அடுப்பு மூட்டிப் பெரிய தேக்சாவில் டீ கொதிக்கும். மழை நாளில் பெண்கள் நனைந்த சாக்கைத் தலையிலிருந்து இறக்கி, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, குடித்துவிட்டுப் போவார்கள். மலைச் சாரலில் நாள் முழுக்கக் குனிந்து செடிக்கடியில் கைவிட்டுக் காய் எடுத்தவர்களுக்கு அந்த அடுப்பு, டீயைவிடப் பெரிது. மலையாளியான தோட்டத்து மேனேஜருக்கு அதுதான் கண்ணை உறுத்தியது. “டீ குடிக்கான் போயால் இவர் திரிச்சு வருந்நில்லா,” என்று, டீக்குப் போனவர்கள் வேலைக்குத் திரும்பி வருவதில்லை என்பதை என்னிடமே புலம்பியிருக்கிறார்.

மச்சான் அவருக்கு மருந்து வைத்திருந்தார். கட்டைவிரலை வைத்தால் டீ தருகிற மிஷின். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு டீ. யார் எப்போது வந்தார், அடுத்த விரல் எப்போது வந்தது என்று எல்லாம் மேனேஜரின் போனுக்குப் போய்விடும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், உட்கார இடம் வேண்டாம். மேனேஜர், “அடிபொளி!” என்று கையைக் குலுக்கினார். அடுப்பை அன்றைக்கே இடித்துப் போட்டார்கள்.

மிஷின் பெண்களின் விரலை ஏற்கவில்லை.

ஏலக்காய் எடுக்கிற கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காயின் சாறு ஏறி ஏறி விரல் நுனி கறுத்துவிடும். வருஷக்கணக்காகத் தேய்ந்ததில் ரேகை மழுங்கிவிடும். மேனேஜர் வைத்தால் டீ வந்தது. நான் வைத்தால் வந்தது. காய் எடுக்கிறவள் வைத்தால், “மன்னிக்கவும். தங்கள் அடையாளம் சரியில்லை,” என்று மச்சானின் குரல் சொன்னது. மழையில் வரிசையாக நின்று, ஒவ்வொருத்தியாக இந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஜீப்பில் இறங்கும்போது வண்டி முழுக்கத் திட்டுதான். அதில் பாதியை நான் மச்சானிடம் சொன்னேன். மீதியைச் சொல்ல முடியாது.

“வெரல் சரியில்லன்னா மிஷின் என்ன பண்ணும்?” என்றார். “எலுமிச்சம்பழத்த வச்சுத் தேய்க்கச் சொல்லு. இல்லன்னா மண்ணெண்ணெய். கைய சுத்தமா வச்சுக்கிறதுக்கு என்னவாம் இவங்களுக்கு?”

“காய எடுக்காம இருந்தா சுத்தமாத்தான் இருக்கும் மச்சான்.”

அவர் அதற்குச் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

ஆடி மாதச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மிஷினைச் சரிபார்க்கிறேன் என்று என்னோடு ஜீப்பில் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும் துணியும் மடியில் வைத்திருந்தார். பின்னால் பதினைந்து பெண்கள் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாண்டியம்மா மட்டும், “அண்ணே, வெரலத் தேய்க்கவா, இல்ல தீ வைக்கவா?” என்று கேட்டாள். சிலமலைக்காரி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் பேசினால் ஜீப்பே சிரிக்கும். அன்றைக்கும் சிரித்தது.

டீ நேரத்தில் அவளைத்தான் மச்சான் பிடித்துக்கொண்டார். அவளுடைய ரேகைதான் ஒருநாளும் பதியாத ரேகையாம். மண்ணெண்ணெய்த் துணியால் அவள் கட்டைவிரலைத் தேய்த்துவிட்டு, “வையி,” என்றார். வைத்தாள். குரல் மன்னிப்புக் கேட்டது. “அழுத்தி வையி.” வைத்தாள். “இப்டி இல்ல, படுக்க வையி.” வைத்தாள். மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கை குளிரில் விறைத்திருந்தது. “விடுங்கண்ணே, எனக்கு டீயே வேணாம்,” என்றாள். “ஒனக்கு வேணாம்னா ஆச்சா? மிஷினுக்கு வேணும். வையி,” என்றார்.

கடைசியில் மிஷின் ஏற்றுக்கொண்டது. “வணக்கம்,” என்றது. டீ இறங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். பாண்டியம்மா குனிந்து உள்ளே கையைவிட்டுத் தம்ளரை எடுக்கப் போனாள். அது உள்ளே தட்டிக்கொண்டு வரவில்லை. அவள் விரலை வளைத்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி டீ இறங்கியது. மறுபடியும் இறங்கியது. அதுவரை அவள் வைத்து வைத்து எடுத்த ஒவ்வொரு தடவையையும் மிஷின் உள்ளே சேர்த்து வைத்திருந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு டீ என்ற கணக்கை மறந்து, அத்தனைக்கும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க அவள் கையில் ஊற்றியது.

அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்து மழைக்குள் இழுத்துக் கையை நீட்ட வைத்தார்கள். மச்சான் மிஷின் பக்கம் போனார். ஒயரை மறுபடி சொருகினார். மிஷினுக்கு உயிர் வந்ததும் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

“எண்பத்தஞ்சுதான் மாப்ளே. நான் வச்ச அளவு தாண்டல. மிஷின் மேல தப்பில்ல.”

ஒரு மனிதனை நாம் வெறுப்பதற்கு வருஷக்கணக்காகக் காரணம் சேர்த்துக்கொண்டிருப்போம். சேர்த்ததெல்லாம் போதவில்லை என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பாண்டியம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தேன். இரண்டு பெண்கள் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைக் கையில் விட்டுக்கொண்டே வந்தார்கள். மணிக்கட்டு வரைக்கும் தோல் கொப்புளித்துக் கழன்றது. பாதி மலை இறங்கிய பிறகு அவள் பேசினாள். “தம்பி.”

“சொல்லுக்கா.”

“கடைசில என் ரேகைய ஒத்துக்கிருச்சு பாத்தியா.”

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வண்டி பள்ளத்தில் போயிருக்கும்.

சில நாள் கழித்து மச்சான் வீட்டில் பேச்சு வைத்தார்கள். தோட்டத்து மேனேஜர் வந்திருந்தார். பாண்டியம்மாவின் வீட்டுக்காரர் வந்திருந்தார். அவர் வயலிலிருந்து நேரே வந்தவர் போல வேட்டியை இறக்கிவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சண்டை போடுகிற ஆள் இல்லை. “அவளுக்குக் கை மடங்க மாட்டேங்குது. இனி மலைக்கு எப்டிப் போவா? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க,” என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் மச்சானைப் பார்த்தார். “மிஷினில் பிரச்சினை உண்டோ? உண்டெங்கில் பறயணும்.”

பிரச்சினை இல்லை என்று மச்சான் பேச ஆரம்பித்தார். அழகாகப் பேசுவார். தம்ளரை எடுக்க ஒரு முறை இருக்கிறது, விரலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் எடுக்க வேண்டும், அந்தம்மா அவசரப்பட்டுவிட்டார், படிக்காதவர்களிடம் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று நீண்டுகொண்டே போனது. பாண்டியம்மாவின் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தன் மனைவிக்குத் தம்ளர் எடுக்கத் தெரியவில்லை என்று ஒரு படித்த மனிதர் சொல்கிறார். நான் வாயெடுத்தேன். மச்சான் கையமர்த்தினார்.

“மாப்ளைக்கு என்ன தெரியும்? ஜீப்பு ஓட்டுறவரு. இந்தா, இதே மாதிரி மிஷின் வீட்டுலயே வச்சிருக்கேன். என் வீட்டுக்காரி அஞ்சாறு வருஷமா பொழங்குறா. ஒரு தடவ சுட்டிருக்கான்னு அவளையே கேளுங்க.”

கூப்பிட்டார். “இந்தா, வா.”

அக்கா வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் மரியாதையாக, “சேச்சி, நிங்ஙளுக்கு எப்பழெங்கிலும் சுட்டதுண்டோ?” என்று கேட்டார். அவள் புரியாதவள் மாதிரி மச்சானைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். “சொல்லு. எப்பவாவது சுட்டிருக்கா?”

நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயிலிருந்து எந்த வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கூப்பிட்டார்.

அக்கா சொன்னாள்: “நீங்க எந்தத் தடவயக் கேக்குறீங்க?”

பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு இடது கையை விளக்குக்கு நேரே நீட்டினாள். அவள் எப்போதும் முழங்கை தாண்டி ரவிக்கை போடுவாள். பழக்கம் என்று நினைத்திருந்தேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பெரிய வெள்ளைத் தழும்பு. அதன் மேல் கறுத்த இன்னொன்று. மணிக்கட்டில் வளையலுக்கு அடியில் ஆறாத சிவப்பு ஒன்று. “இது கல்யாணமான வருஷம். இது தீபாவளிக்கு முந்தி. இது போன மாசம். கைய வச்ச எடம் தப்புன்னாரு. நானும் அப்டித்தான் நெனச்சுக்கிட்டேன். அந்தக்காவுக்கும் அதையே சொன்னாருன்னு இப்பத்தான் கேக்குறேன்.”

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். அத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். என்னிடம் குழாயைக் காட்டியிருக்கிறாரே தவிர இந்தக் கையை யாரும் காட்டவில்லை.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். குனிந்து, நன்றாகவே பார்த்தார். மனிதன் இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று ஒரு நொடி நானும் நினைத்தேன்.

“அதெல்லாம் பழைய மாடல்,” என்றார்.

பாண்டியம்மாவின் வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். மச்சானைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, “வர்றேன் தாயி. மருந்து போடு,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா உள்ளே போய் நாலு சேலையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். “வண்டிய எடுடா,” என்றாள். மச்சான் மேனேஜரிடம், கையில் படாதபடி ஒரு தடுப்புத் தகடு வைத்துவிடலாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

தோட்டத்தில் மிஷினை எடுத்துவிட்டார்கள். இடித்த அடுப்பைத் திரும்பக் கட்டவில்லை. இப்போது பெண்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோகிறார்கள். பாண்டியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவைத் தோட்டம் ஏற்றது. கை ஓரளவு மடங்குகிறது. மலைக்குப் போவதில்லை, சிலமலையிலேயே கிடைத்த வேலைக்குப் போகிறாள். புதுத் தோல் வந்த அந்தக் கட்டைவிரல் குழந்தையின் விரல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. ரேஷன் கடையிலும் இப்போது அது பதிவதில்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் அரிசி வாங்கப் போகிறாள். என்னைப் பார்த்தால் அந்த விரலைத் தூக்கிக் காட்டி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். எனக்கு முன்னைப் போலச் சிரிக்க வருவதில்லை.

அக்கா எங்களோடு இருக்கிறாள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு குழம்பில் உப்புக் குறைந்தால், “உப்பில்ல,” என்று சட்டென்று சொல்லிவிடுகிறாள். சமைத்தவர் முகம் கோணினாலும் சொல்லிவிடுகிறாள். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

மச்சானுக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறார். இந்த மாதிரி ஆட்கள் நாசமாய்ப் போவார்கள் என்று சொல்வதெல்லாம் நம் மன ஆறுதலுக்கு. போன மாதம் தேனியில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். வாடிக்கையாளர்கள் உட்காருகிற இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மிஷின். பக்கத்தில் டை கட்டிக்கொண்டு மச்சான். நாலு பேரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சங்கடமோ தயக்கமோ துளிகூட இல்லை.

“வா மாப்ளே, வா! ஒரு டீ குடிச்சுப் பாரு,” என்று பேப்பர் கப்பை என் கையில் திணித்தார்.

குடித்தேன். நிஜ ஏலக்காய். பால் பதமாகக் காய்ந்திருந்தது. சீனி அளவாக இருந்தது. சொல்லக் கசக்கிறது, நல்ல டீ. எந்தக் கையைச் சுட்டு இந்தப் பதத்துக்கு வந்து சேர்ந்தார் என்று எனக்குத் தெரியும்.

நான் குடிக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். ஜீப்புக்கு டயர் மாற்றியாச்சா என்று கேட்டார். மெட்டு ரோட்டில் மண் சரிந்தது சரியாகிவிட்டதா என்று கேட்டார். இந்த வருஷம் காய் என்ன விலை போகிறது, மழை எப்படி, சிலமலைக் கண்மாய் நிறைந்ததா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கப்பில் கடைசி வாய் மிச்சம் இருந்தது. அவருக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்று கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அது நன்றாக ஆறுகிற வரைக்கும் நின்றேன்.

“சரி மாப்ளே, கஸ்டமர் வந்துட்டாங்க,” என்று அவர் திரும்பிக்கொண்டார்.